ஒரு சீலை அகலத்து இடம்

எங்கள் தெருவில் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையை ரயிலடிப் பாலத்தில் ஏற்றிப் பார்ப்பார்கள். ஜாதகமெல்லாம் அதற்கு அப்புறம்தான். பெண் வீட்டு ஆண்கள் இரண்டு பேர், "வாங்க தம்பி, அந்தப் பக்கத்துக் கடையில டீ நல்லா இருக்கும்" என்று பையனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். இந்தப் பக்கமே நல்ல டீக்கடை இருந்தது. படியில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏறுவார்கள். மேலே போனதும் பையன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானா, கேட்ட கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் சொல்கிறானா என்று பார்ப்பார்கள். நின்றுவிட்டால் டீயை வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். காரணம் சொல்வதில்லை. "டீ குடிச்சிட்டுப் போயிட்டானாம்" என்றால் தெருவுக்கே விளங்கிவிடும்.

பெண்ணை யாரும் பாலம் ஏற்றிப் பார்த்ததில்லை.

விருத்தாசலத்துக்குப் பீங்கான் தொழில் வந்த பிறகு உண்டான பழக்கம் இது. எங்கள் தெரு ஆண்களில் பலர் வெள்ளைக்கல் அரைக்கிற கொட்டகையில் வேலை செய்தார்கள். கல்லை உடைத்து, அரைத்து, மாவாகச் சலித்துக் கொடுக்க வேண்டும். அந்த மாவிலிருந்துதான் ஃப்யூஸ் கட்டையும் ஜாடியும் பொம்மையும் பிறந்தன. என் அப்பா அதற்கு முன்பே சேலம் பக்கம் கல் உடைத்தவர். அதனால் அவருக்கு இங்கே கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். வாசலில் நின்றுகொண்டு என் அக்காவைப் பார்த்து, "கெழவன் வந்துட்டான்டி, தண்ணி கொண்டா" என்பார். அக்கா சிரித்துக்கொண்டே சொம்போடு ஓடுவாள்.

நிஜக் கிழவனாகும் வரை அவர் இருக்கவில்லை. நான் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் காச நோய் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரைக்கு அந்த இருமல் கட்டுப்படவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கடைசி மாதங்களில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். அவர் முதுகு பட்ட இடத்தில் சுவரில் ஒரு கறை விழுந்தது. அம்மா எத்தனையோ முறை சுண்ணாம்பு அடித்துவிட்டாள். மழைக்காலத்தில் அது மறுபடி தெரியும்.

எங்கள் தெருவில் இப்படித்தான் வீட்டுக்கு வீடு ஆண்கள் போனார்கள், பெண்கள் மிஞ்சினார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, எதிர் வீட்டுச் சித்தி, அம்மா எல்லோருமே வெள்ளைச் சீலை. காலையில் பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலைக்குப் போவார்கள். கல்யாணம், வளைகாப்பு என்றால் அத்தனை பேரும் பின்கட்டில் அடுப்போடு நின்றுகொள்வார்கள். முன்னால் வந்து நலங்கு வைக்க ஒரு பெண் வேண்டுமென்றால் பக்கத்துத் தெருவிலிருந்து அழைத்துவர வேண்டும். ஒருமுறை அழைக்கப் போன என்னிடம் அந்தத் தெரு அம்மாள் ஒருத்தி, "ஏண்டா, ஒங்க தெருவுல ஒரு பொட்டு கூடவா இல்ல?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் வீட்டில் சொல்லவில்லை.

அக்கா என்னைவிட மூத்தவள். பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான்தான். என் பாடத்தை நான் சத்தமாகப் படித்தால் அவள் வைக்கோல் பிரித்துக்கொண்டே கேட்பாள். மறுநாள் நான் மறந்ததை அவள் சொல்வாள்.

அவளைக் கேட்டு முதலில் வந்தவர் அப்பாவோடு அதே கொட்டகையில் வேலை பார்த்த இளைஞர். அப்பா படுத்திருந்தபோது தினமும் வந்து பார்த்தவர். அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. அவர் வரும் நேரத்துக்குச் சரியாக அவளுக்கு வாசலில் ஏதாவது வேலை இருக்கும். தாய்மாமன் அவரைப் பாலத்துக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்து அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

"அக்கா, பையன் படியில ஓடறான். மேல போயி விசில் அடிக்கிறான். எனக்குத்தான் மூச்சு வாங்குது."

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அவுரும் ஓடனவருதான்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டாவது சம்பந்தம் நல்லூருக்கும் மேற்கே ஒரு மானாவாரிக் கிராமத்திலிருந்து வந்தது. கம்பும் சோளமும் மல்லாட்டையும் விளைகிற பூமி. மாப்பிள்ளைக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள், பெற்ற இரண்டும் தங்கவில்லை. தாய்மாமனுக்கு மனம் வரவில்லை.

"ரெண்டாந்தாரம்க்கா. நம்ம பொண்ணுக்கு என்னா கொறச்சல்?"

"ரெண்டாந்தாரமா இருந்தா என்னாடா? அந்த வூட்டு ஆம்பளைங்கள பாத்தியா? அப்பன் இருக்காரு. அப்பனோட அப்பன் கோலூணிக்கிட்டு இன்னும் கொல்லைக்குப் போறாரு. காத்து நல்ல காத்து. தூசி இல்ல, இருமல் இல்ல. ஆயுசு கெட்டியான வூடு."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அக்கா அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்த வூட்டுப் பொம்பளைங்களப் பாத்தியாம்மா?"

"அவங்க உள்ள வேலையா இருந்திருப்பாங்க" என்றாள் அம்மா. பிறகு குரலை இறக்கி, "நான் நிக்கிற எடத்துல நீ நிக்கக் கூடாது. எனக்கு அது போதும்" என்றாள். அக்கா எழுந்து உள்ளே போனாள். பின்கட்டில் அம்மா நிற்பதை அவளும் எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறாள்.

கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில். முதல் நாளே பெண்ணை அழைத்துப் போனோம். அன்று மாலை அந்த வீட்டில் பூவாடைக்காரிக்குப் படையல். பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பெண்கள் அந்த வீட்டுக்குத் தெய்வம். நல்ல காரியத்துக்கு முன்னால் அவர்களுக்குப் புதுச்சீலை எடுத்து, பூ வைத்து, பொங்கலிட்டுக் கும்பிட வேண்டும். எங்கள் பக்கமும் உண்டு என்றாலும் எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை. படைப்பதற்கு எங்களுக்கு ஆள் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் யாருமே அப்படிச் சாகவில்லை.

அந்த வீட்டு நடையில் சுவரோரமாக நீளப் பலகை போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சீலைகளை மடித்து ஒவ்வொன்றாக வைத்தார். வைக்கும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். "இது எங்க மாமியாரு. இது மாமியாருக்கு மூத்தவ. இது எனக்கு மூத்தவ. இது எங்க கொழுந்தனாரு பொண்டாட்டி. இது அவுரு ரெண்டாவதா கட்னவ. இது பேரு ஊரு தெரியாமப் போனவங்களுக்கு." கடைசியாக எலுமிச்சம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட ஒரு சீலை. "இது இவனுக்கு மூத்தவ, மொதல்ல கட்னவ."

பலகை கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. பூக்கூடையோடு நின்ற உறவுக்காரப் பெண் கடைசிச் சீலையைச் சுவர் வரைக்கும் தள்ளி வைக்கப் போனாள். மாமியார் தடுத்தார்.

"ஓரத்துல எடம் வுடுடி. வரிசைய முட்டி வைக்கக் கூடாது. வூடு தழைக்கணும்ல?"

அந்தப் பெண் சீலையை இழுத்து வைத்தாள். சுவருக்கும் மஞ்சள் சீலைக்கும் நடுவே ஒரு சீலை அகலத்துக்கு வெறும் பலகை தெரிந்தது. மணப்பெண்ணாக எதிரே உட்கார்ந்திருந்த அக்கா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பிராணிப் புகையில் அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

தாய்மாமன் என் காதோரம் சொன்னார்: "எத்தினி பூவாடைக்காரி பாத்தியா! கொடுத்து வச்ச வூடு."

அம்மா படையலுக்கு வரவில்லை, வரவும் கூடாது. பக்கத்து வீட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் போய், சுவர் நீளத்துக்குச் சீலை வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். பயந்துகொண்டுதான் சொன்னேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அத்தினி பேரும் பூவோட போனவங்களா? அப்பாடா. ஒருத்திகூட தாலி அறுக்கலியே தம்பி."

மறுநாள் காலையில் அக்கா அந்த மஞ்சள் சீலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மூத்தவளுக்குப் படைத்ததை இளையவள் கட்ட வேண்டும் என்பது அங்கே முறை. அவளுக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

கல்லூரி விடுமுறைகளில் அக்காவைப் பார்க்கப் போவேன். நல்லூரில் பஸ்ஸை விட்டிறங்கிக் கருவேல மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டும். போன முதல் நாளே ஒன்று கண்ணில் பட்டது. ஊர் முகப்பில் புளியமரத்தடியில் கிழவர்கள் ஆடுபுலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கோயில் மேடையில் கிழவர்கள். டீக்கடை பெஞ்சிலும் கிழவர்கள்தான். எங்கள் தெருவில் நான் பார்த்தே அறியாத ஆண்கள் இவர்கள், நெஞ்சில் நரைத்த முடியோடு, பொக்கை வாயோடு, நிம்மதியாக வெற்றிலை இடித்துக்கொண்டு. அவர்களுடைய மனைவிமார் எங்கே என்று பார்த்தேன். வீடுகளில் இளம்பெண்கள் இருந்தார்கள். என் அக்காவின் மாமியார் மாதிரி நடுவயதில் சிலர் இருந்தார்கள். அதற்கு மேல் இல்லை.

அந்த வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, மாமியார் சாப்பிட்ட பிறகு அக்கா பானையைச் சாய்ப்பாள். அடியில் இருக்கிற கூழும் ஒரு மிளகாயும். "ஒடம்பு எளைச்சிட்டுதுக்கா" என்றால் "இங்க எல்லாரும் இப்படித்தான்" என்பாள். கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டே அவள் மூத்தவளைப் பற்றிப் பேசுவாள், ஏதோ ஓரகத்தியைப் பற்றிப் பேசுவதுபோல.

"அம்மி அவ அரைச்ச பக்கம் பள்ளமா இருக்குதுடா. என் கையும் தானா அங்கதான் போவுது. நேத்து எறவாணத்துல அவ சீப்பு கெடச்சுது. முடி சுத்தி இருந்துச்சு. என்னா நீளம் தெரியுமா?"

"அதை ஏன் வச்சிருக்க, தூக்கிப் போடுக்கா."

"எப்படிப் போட்றது? அவ ஒண்ணும் பண்ண மாட்டா. பேசக்கூட மாட்டா. நான்தான் பேசுவேன்." வாளியை மறுபடி கிணற்றில் இறக்கினாள். "எனக்குன்னு எல்லாத்துலயும் எடம் வுட்டுட்டுப் போயிருக்கா."

தலைப்பிரசவம் தாய் வீட்டில். அது எல்லோருக்கும் உள்ள முறை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா பின்கட்டில்தான் நின்றாள். ஆனாலும் அவள் ஆக்கிப்போட்டதில் அக்காவுக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. ஊர் ஆஸ்பத்திரியில் சுகமாகப் பெண் பிறந்தது. பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் கொண்டுபோய் விட்டு வந்தோம்.

அதற்கு அடுத்த வருஷம் வகுப்பில் எங்கள் பொருளாதார ஆசிரியர் மக்கள்தொகைப் பாடம் நடத்தினார். உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் ஆண்களைவிடப் பெண்கள் கூடுதல் காலம் உயிரோடு இருக்கிறார்கள், நம் நாட்டில் அது தலைகீழ், அதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு, மேற்குக் கரையில், கேரளத்தில், நிலைமை வேறு என்றார். பின்வரிசையில் ஒருவன், "அவங்க நம்மள சாவடிக்கிறது பத்தாதா சார்?" என்றான். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில், அவர் சொன்னது தப்பு என்றுதான் நினைத்தேன். எங்கள் தெருவில் மிஞ்சியிருப்பது பெண்கள்தானே. அப்புறம் புளியமரத்தடிக் கிழவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஒரு பஸ் பயணத் தூரம். இங்கே ஆண்கள் சாகிறார்கள், அங்கே பெண்கள் சாகிறார்கள். இங்கே சாகிறவர்களுக்காவது ஒரு பாலம் இருந்தது, மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க. அங்கே பலகையும் சீலையும் இருந்தன. செத்தவர்களுக்கு எத்தனை வயது என்று அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை. அன்று ராத்திரி அந்த வெறும் பலகை என் கண்ணை விட்டுப் போகவில்லை. பலகையின் ஓரத்தில் மரம் வெளிறிப்போய், அதுவரை எதையும் தாங்காத மாதிரி இருந்தது.

அக்கா மறுபடி உண்டானாள். இரண்டாவது பிரசவம் புருஷன் வீட்டில்தான். தாய் வீட்டுக்கு அனுப்பினால் அவர்களுக்கு மரியாதைக் குறைச்சல், கஞ்சி ஊற்ற வக்கில்லை என்று ஊர் பேசும். மூத்தவள் போனது இரண்டாவதில். வரிசையில் இருக்கிற மற்றவர்களும் அநேகமாக அப்படித்தான் என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தாள். அம்மாவிடம் போய் அக்காவை அழைத்து வரலாம் என்றேன்.

"படிச்சிட்டா முறை தெரியாமப் போயிடுமா? ரெண்டாவதுக்கு இங்க எப்படி வருவா? அவங்க மொகத்துல எப்படி முழிக்கிறது?"

"மூத்தவங்க எப்படிச் செத்தாங்கன்னு தெரியுமாம்மா ஒனக்கு?"

"அவ தலையெழுத்து, போனா. பூவோட போனா." சொல்லிவிட்டு அம்மா முறத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். புடைக்க அதில் ஒன்றும் இல்லை.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் அக்கா வீட்டுக்காரரே வந்து இறங்கினார். ஒரு கையில் மூட்டை, இடுப்பில் மகள். பின்னால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு அக்கா. அவள் கட்டியிருந்தது அந்த மஞ்சள் சீலை. நிறம் போய், அரக்குக் கரை நைந்து போயிருந்தது.

அம்மா பதறிப்போய் எழுந்தாள். "என்னாங்க மாப்ள இது? ஒங்கம்மா என்னா சொல்வாங்க?"

"கெணறு தூர் வாரறோங்க அத்த. வூடு பூரா ஆளு. நிக்க எடமில்ல. இங்க கெடக்கட்டும்" என்றார். தரையைப் பார்த்துச் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். சித்திரையில் எல்லாரும்தான் கிணறு தூர் வாருகிறார்கள், யாரும் அதற்காகப் பெண்டாட்டியை அனுப்புவதில்லை.

அம்மா அக்காவின் முந்தானையைப் பிடித்துப் பார்த்தாள். "இது எந்தச் சீலடி?"

"அவளோடதுதாம்மா. வேலைக்கு இதத்தான் கட்றேன்."

அம்மா அவளை உள்ளே கூட்டிப்போனாள். அக்காவுக்கு வேறு சீலை கொடுத்து, இதைத் தன் கையாலேயே துவைத்துக் கொடியில் போட்டாள். காயும் வரை அதன் கீழேயே உட்கார்ந்திருந்தாள்.

அக்கா வீட்டுக்காரரை வழியனுப்ப நான் போனேன். பாலத்தின் மேல் நடந்துகொண்டே அவராகப் பேச ஆரம்பித்தார்.

"மூத்தவள நானேதான் மச்சான் வண்டியில வச்சி ஓட்டிக்கிட்டு வந்தேன். வலி ஆரம்பிச்சி ரெண்டு நாளாச்சி. மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. ஓடை தாண்டற வரைக்கும் மொணகிக்கிட்டு இருந்தா. அப்பறம் சத்தமில்ல. தூங்கறான்னு நெனச்சேன். தூங்கட்டும்னு பேச்சுக் குடுத்துக்கிட்டே வந்தேன். மாட்டப் பத்தி, கொல்லையப் பத்தி. நல்லூர் வந்து திரும்பிப் பாத்தா…"

கீழே ஒரு கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும் வரை நின்றார்.

"எவ்ளோ தூரம் அப்படிப் பேசிக்கிட்டு வந்தேன்னு எனக்கு இன்னமும் தெரியல" என்றார்.

பிறகு மிச்சப் பாலத்தையும் நடந்து இறங்கினார். அவருக்கு மூச்சு வாங்கவேயில்லை. அம்மா மாப்பிள்ளையிடம் வேண்டியதும் அதை மட்டும்தான்.

ஒரு மத்தியானம் அக்காவுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரி பக்கத்தில்தான், ரிக்ஷாவில் கொண்டுபோனோம். ஆண் குழந்தை. குழந்தை அழுத சத்தம் கேட்டு வராந்தாவில் அம்மா கையைத் தூக்கிக் கும்பிட்டாள். தூக்கிய கை இறங்கும் முன் உள்ளேயிருந்து நர்ஸ் ஓடிவந்தார். மலையாளத்துக்காரர். ஏப்ரனிலும், கையில் முழங்கை வரையிலும் சிவப்பு.

"ரத்தம் நிக்கலை. கொடுக்க ஆளு உண்டா? வேகம் வேகம்!"

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ரத்தம் சேர்த்து வைக்கிற வசதி இல்லை, ஆள்தான் வேண்டும். என்னைச் சோதித்தார்கள், சேர்ந்தது. பற்றாது, இன்னொருவரும் இருந்தால் நல்லது என்றார்கள். தெருவில் சேதி பரவி முதலில் வந்து நின்றது அக்காவை முன்பு கேட்டு வந்த அந்த மனிதர்தான். அவருக்கு வேறிடத்தில் கல்யாணமாகிக் குழந்தைகள் இருந்தார்கள். வேலைக் கொட்டகையிலிருந்து அப்படியே வந்திருந்தார், புருவமெல்லாம் வெள்ளை. "எடுத்துக்கோங்கம்மா" என்று கையை நீட்டினார். நீட்டும்போதே இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். நர்ஸ் அவர் முதுகைத் தடவிக் கொடுத்து, "உனக்கே வேணும் மோனே. நீ போய் இரு" என்றார். தாய்மாமன் வந்து படுத்தார்.

பொழுது சாயும்போது ரத்தம் நின்றுவிட்டது என்றார்கள். எங்களை உள்ளே விட்டார்கள். அக்கா சுண்ணாம்புச் சுவர் மாதிரிக் கிடந்தாள். கண் மூடியிருந்தது. அம்மா சத்தமில்லாமல் அழுதாள். நர்ஸ் துணியை மடித்துக்கொண்டே அதட்டினார்.

"எதுக்கு இப்ப கரையுறீங்க? உங்க பொண்ணு போகமாட்டா. எங்க நாட்டுல வந்து பாருங்க, வீட்டுக்கு வீடு கிழவிங்க. புருஷன் போயி எத்தனையோ வருஷம் ஆனாலும் அவங்க போகிறதில்ல. சண்டை பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அவங்கள்லாம் வெள்ளச் சீலையாம்மா?"

நர்ஸ் சிரித்துவிட்டார். "எங்க ஊர்ல எல்லாருக்கும் வெள்ளைதான். கல்யாணப் பொண்ணு கூட வெள்ளைதான் உடுக்கிறது."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியும் ஒரு ஊர் இருக்க முடியுமா என்கிற மாதிரி. பிறகு குனிந்து அக்காவின் காதருகே வாயை வைத்தாள். பிரசவித்த பெண்ணுக்குச் சொல்லும் வாழ்த்து எங்கள் பக்கம் ஒன்றுதான், தீர்க்க சுமங்கலியாக இரு என்பது. விதவை அதைச் சொல்லக்கூடாது. அம்மா அதைச் சொல்லவில்லை.

"கெழவியாவணும்டி நீ. பல்லு பூரா கொட்டி, கண்ணு தெரியாம, மருமவகிட்ட பேச்சு வாங்கிக்கிட்டு இருக்கணும். என்ன மாதிரி வெள்ளச் சீல கட்டினாலும் பரவால்லடி. கெழவியாத்தான் சாவணும்."

அக்கா கண்ணைத் திறக்காமல், உதடு மட்டும் அசைய, "புள்ள பெத்தவள ஏம்மா இப்படித் திட்ற?" என்றாள்.

அக்கா பிழைத்தாள். ஆனால் அந்தக் கோடையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் இருமல் சத்தமும் சேர்ந்துதான் கேட்கிறது. வராந்தாவில் கை நீட்டிய அந்த மனிதர் அதற்குப் பிறகு நெடுநாள் இருக்கவில்லை. அம்மா பயந்தது பொய்யில்லை. அவர் மனைவிக்கு வெள்ளைச் சீலை வந்த அன்று முதலில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தவள் அம்மா. எந்தப் பக்கம் கொடுத்திருந்தாலும் யாரோ ஒருவர் இல்லாமல் போயிருப்பார் என்பதை நான் எவ்வளவு யோசித்தும் தாண்ட முடியவில்லை. இப்போதும் ரயிலடிப் பாலத்தில் யாராவது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்தால் நானும் நின்றுவிடுகிறேன்.

அந்தக் கோடைக்குச் சில வருஷம் கழித்து ஒரு தை மாதம் அக்காவின் கொழுந்தனுக்குக் கல்யாணம். மறுபடியும் அந்த வீட்டில் பூவாடைக்காரி படையல். இந்தத் தடவை மூத்த மருமகள் என்று சீலை வைக்கிற பொறுப்பு அக்காவுக்கு. அதே சுவர், அதே பலகை. மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அக்கா ஒவ்வொன்றாக வைத்தாள். புது மணப்பெண் எதிரே தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மிகவும் சின்னப்பெண்.

மூத்தவளுக்கு அக்கா தானே போய் எடுத்து வந்த சீலை, இந்த முறையும் மஞ்சள்தான். அதை வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தாள். உதடு அசைந்த மாதிரி இருந்தது. பிறகு முதல் சீலைக்குப் போய் அதன் மடிப்பை ஒரு சுற்றுப் பிரித்து அகலமாக வைத்தாள். அடுத்ததையும் பிரித்தாள். அதற்கடுத்ததையும். மூத்தவளுடையதைப் பிரித்து வைத்தபோது அதன் அரக்குக் கரை சுவரில் போய் முட்டியது.

"ஓரத்துல எடம் எங்கடி?" என்றார் மாமியார்.

அக்கா பூவை எடுத்துக் கிள்ளி ஒவ்வொரு சீலை மேலும் வைத்துக்கொண்டே வந்தாள். சாம்பிராணித் தட்டோடு நின்ற அவள் வீட்டுக்காரர் பலகையின் கோடியைப் பார்த்தார், அப்புறம் பார்வையை வாசலுக்குத் திருப்பிக்கொண்டார்.

"கேக்கறன்ல? எடம் எங்க?"

"எடமில்லத்த" என்றாள் அக்கா.